எக்ஸாஸ்ட் குழாயைப் பெரிதாக்கினால் ஆஃப்ரோடில் இழுவை கூடுமா?

கேள்வி: பிப்ரவரி 4, 2023

1.5 லிட்டர் பெட்ரோல் வண்டி, டர்போ கிடையாது. கம்பெனி எக்ஸாஸ்ட் 2 அங்குலம். 2.5 அங்குலமாக மாற்றினால் ஏற்றத்தில் இழுவை கூடும் என்கிறார் ஒருவர். இன்னொருவரோ "பேக் பிரஷர் போயிடும், பிக்கப் செத்துடும், தொடாதே" என்கிறார். கல், சேறு, கொஞ்சம் மணல், இதுதான் நான் ஓட்டும் இடம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு

நான் செய்து பார்த்தவன். அதே அளவு இஞ்சின், அதே 2 அங்குலக் குழாய். போன வருடம், புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும், சைலன்சர் உட்பட, கழற்றிவிட்டு 2.5 அங்குலத்தில் புதிதாகப் போட்டேன். வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. மூன்றாவது கியரில் திணறிக்கொண்டிருந்த ஏற்றத்தில் வண்டி அதே கியரில் தாராளமாக ஏறியது. 3000 ஆர்பிஎம்முக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் வராத இஞ்சின் இப்போது கேட்டதும் வந்தது. ஆனால் 2000-க்குக் கீழே கொஞ்சம் மந்தமானது போலவும் இருந்தது. உங்களிடம் சொன்ன இருவரும் பாதிப் பாதி சரி என்பேன்.

பிப்ரவரி 5

பேக் பிரஷர் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொல்லே ஆளைக் குழப்புகிறது. எந்த இஞ்சினுக்கும் பேக் பிரஷர், அதாவது வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம், தேவையில்லை. பிஸ்டன் மேலே வரும்போது எரிந்த வாயுவைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். எதிரே அழுத்தம் இருந்தால் அந்த வேலைக்கு இஞ்சின் தன் சக்தியையே செலவழிக்கிறது. அதில் நன்மை ஒன்றுமில்லை.

இஞ்சினுக்கு வேண்டியது வாயுவின் வேகம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. அந்தச் சூட்டில் ஒலியின் வேகம் நொடிக்கு 500 மீட்டருக்கு மேல். குழாய் சட்டென்று அகலமாகும் இடத்தில் அந்த அலை உறிஞ்சும் அலையாகத் திரும்புகிறது. இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றை உள்ளே வர வைக்கும். குழாய் பெரிதானால் வேகம் குறையும், அலையும் பலவீனமாகும். 2 அங்குலத்திலிருந்து 2.5 அங்குலம் என்றால் கேட்கச் சின்ன வித்தியாசம்தான். பரப்பளவில் பார்த்தால் 56 சதவீதம் அதிகம். எனக்குக் கீழ் ஆர்பிஎம்மில் மந்தமாகத் தோன்றியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 9

முதல் குறிப்பில் பாதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

உங்கள் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய சைலன்சர் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது. நேற்று எடுத்துக் குலுக்கினேன், உள்ளே கலகலவென்று சத்தம். கிரைண்டரால் நீளவாக்கில் வெட்டித் திறந்தேன். முதல் தடுப்புத் தகட்டின் துளைகளில், தேன்கூடு போலச் சின்னச் சின்னச் சதுரக் கண்களோடு, சாம்பல் நிறத் துண்டுகள் அடைத்துக்கொண்டு நின்றன. பெரிய துண்டு என் கட்டைவிரல் அளவு. விரலால் நசுக்கினால் சாக்பீஸ் போலப் பொடிந்தது. கன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் பீங்கான்தான்.

எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அதற்கும் இரண்டு வருடம் முன்பு ஒரு பாறையில் கன்வெர்ட்டர் அடிவாங்கி, ஓடு நசுங்கி, வேறு கன்வெர்ட்டர் மாற்றினோம். உடைந்த பீங்கான் அதற்குள் சைலன்சருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாற்றிய இடத்தில் யாரும் சைலன்சரைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது. இரண்டு வருடம் பாதி மூக்கடைத்த வண்டியை ஓட்டியிருக்கிறேன்.

அப்படியென்றால் புதுக் குழாய் கொடுத்தது கூடுதல் பவரா, போன பவரா? இப்போது எனக்கே சந்தேகம்.

பிப்ரவரி 12

சந்தேகத்தோடு இருக்கப் பிடிக்கவில்லை. என் மச்சானிடம் இதே மாடல் இருக்கிறது, கம்பெனிக் குழாய், அடைப்பு எதுவும் இல்லாத நல்ல வண்டி. இரண்டையும் அளந்தோம்.

அளக்கும் முறை எளிது. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றுங்கள். அந்தத் துளையின் மரை 18 மிமீ. அதில் ஓர் அடாப்டரை மாட்டி, அரை மீட்டர் செம்புக் குழாய் வைத்து, அதன் முனையில் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜை இணையுங்கள். ரப்பர் ஹோஸை நேராக மாட்டினால் உருகிவிடும். நின்ற இடத்தில் 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐயைத் தாண்டினால் எங்கோ அடைப்பு இருக்கிறது என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

ஐடிலில் இரண்டு வண்டியிலும் முள் அசையவே இல்லை. நின்ற இடத்தில் 2500-இல் இரண்டுமே அரை பிஎஸ்ஐக்கும் கீழே. பிறகு கேஜை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் 5500 வரை இழுத்தோம். மச்சான் வண்டியில் 3 பிஎஸ்ஐ, என் வண்டியில் ஏறத்தாழ ஒன்றரை. குழாய் பெரிதானதற்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில், எவ்வளவு என்பதைப் பாருங்கள்.

ஒன்றரை பிஎஸ்ஐ என்றால் சுமார் 0.1 பார். இந்த மாதிரி இஞ்சின் முழு ஆக்சிலேட்டரில் பிஸ்டனைச் சராசரியாக 10 பார் அளவில் தள்ளுகிறது. 10-இல் 0.1. சிலிண்டரில் தங்கும் மிச்சப் புகை குறைவதையும் சேர்த்தால் 100 குதிரைத்திறன் வண்டிக்கு இரண்டு மூன்று வரலாம். அதுவும் 5500-இல்.

அப்புறம், குழாயின் தடை வாயு ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். 5500-இல் 3 பிஎஸ்ஐ இருந்தால் 2000-இல் முழு ஆக்சிலேட்டரிலேயே 0.4 தான் இருக்கும். கல் மேல் லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை) ஊர்ந்து போகும்போது நாம் எங்கே முழுதாக மிதிக்கிறோம்? பாதம் பட்டும் படாமலும் வைத்திருப்போம். அங்கே குழாய் தடையே கிடையாது. இல்லாத தடையை எடுத்து என்ன கிடைக்கும்?

பிப்ரவரி 13

சென்சாரைத் திரும்ப மாட்டும்போது மரையில் சூடு தாங்கும் கிரீஸ் போடுங்கள், சென்சார் முனையில் படாமல். நேற்று எழுத மறந்தேன்.

பிப்ரவரி 19

"2000-க்குக் கீழே மந்தம்" என்று எழுதினேன் அல்லவா, அதையும் சோதித்தோம். ஒரே ஏற்றம், லோ ரேஞ்ச், மூன்றாவது கியர், 1500-இலிருந்து 3500 வரை. பக்கத்தில் இருப்பவர் கையில் ஸ்டாப்வாட்ச். ஆளுக்கு ஐந்து ஓட்டம், பிறகு வண்டி மாற்றி ஐந்து. இரண்டு வண்டிக்கும் ஒரே டயர், எடையும் கிட்டத்தட்ட ஒன்று.

ஒரே வண்டியின் ஐந்து ஓட்டங்களுக்குள் இருந்த வித்தியாசமே இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்ததைவிட அதிகம். என் வண்டி மந்தம் இல்லை. வேகமும் இல்லை.

அப்படியானால் எனக்கு ஏன் மந்தமாகத் தோன்றியது? மச்சான்தான் கண்டுபிடித்தார். புதுச் சைலன்சர் 1800 வாக்கில் கேபினுக்குள் 'கும்ம்' என்று அதிர்கிறது. அந்தச் சத்தம் வந்ததும் என் கால் தானாக ஆக்சிலேட்டரை விடுகிறது. அவர் ஓட்டியபோது சத்தத்தைச் சட்டை செய்யவில்லை, வண்டி சரியாகவே இழுத்தது.

அந்த அழுத்த அலைக் கதையையும் திருத்த வேண்டும். அது பொய்யில்லை, ஆனால் அலை பெரும்பாலும் வேலை செய்யும் இடம், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டும் அதன் கிளைக் குழாய்களும். கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் தாண்டிய பின் அலை சிதைந்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள குழாய் வெறும் வடிகால். நான் மாற்றியது வடிகாலை. மேனிஃபோல்டை மாற்றி, கிளைக் குழாய்களைப் பருமனாக்கிக் குட்டையாக வைத்தவர் கீழ் ஆர்பிஎம்மில் நிஜமாகவே இழுவையை இழப்பார்.

பிப்ரவரி 26

ஆஃப்ரோடு என்றாலே ஊர்வதுதான் என்பது போல எழுதிவிட்டேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். நியாயம். மணல் வேறு. மணல் மேட்டில் 4500, 5000 என்று விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். விட்டால் அங்கேயே புதைவோம். அங்கே அந்த இரண்டு மூன்று குதிரைத்திறன் கணக்கில் வரும்.

ஆனால் மணலில் என் அனுபவம் இன்னொன்றையும் சொல்கிறது. பெரிய குழாயோடு, டயரில் 22 பிஎஸ்ஐ காற்றோடு ஒரு மேட்டில் மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் உச்சிக்கு ஒரு வண்டி நீளம் கீழே நின்றுவிட்டது. 15-க்கு இறக்கினேன். நான்காம் தடவை பாதி மேட்டிலேயே ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தாராளமாக ஏறியது. டயர் நீளவாக்கில் படர்ந்து மணலை வெட்டாமல் மிதித்துப் போகிறது. இறக்கிய காற்றோடு சட்டென்று வளைக்காதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

மார்ச் 4

டீசல் டர்போ வைத்திருப்பவர்கள் மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே கணக்கே மாறுகிறது.

டர்போவில் புகை சுற்றிவிடும் சக்கரம்தான் டர்பைன். அதைச் சுற்றுவது அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்தத்தின் விகிதம். விகிதம் 1.8, பின்னால் (வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்து) 1.2 பார் என்று வைத்துக்கொண்டால் முன்னால் 2.16 பார் நிற்கும். பெரிய குழாய் போட்டுப் பின்னால் 1.1 ஆக்கினால், அதே விகிதத்துக்கு முன்னால் 1.98 போதும். பின்னால் 0.1 குறைத்ததற்கு இஞ்சின் பக்கம் 0.18 குறைகிறது. போட்டதைவிடக் கூடுதலாகத் திரும்ப வருகிறது. அலை பற்றிய கவலையும் இல்லை, டர்பைனைத் தாண்டும்போதே அது பெரும்பாலும் அடங்கிவிடும்.

கூட வரும் நண்பர் ஒருவரின் 3 லிட்டர் பழைய டீசலில் டர்போவுக்குப் பின் இரண்டேகாலிலிருந்து 3 அங்குலம் போட்டோம். டர்போ முன்னதாகவே விழித்துக்கொள்கிறது. முன்பு 2000-ஐ நெருங்கும்போது வந்த தள்ளல் இப்போது 1800-க்குள் வருகிறது. நீண்ட மணல் ஏற்றத்தில் எக்ஸாஸ்ட் வெப்பமானியின் முள் முன்பு போன இடத்துக்குப் போவதே இல்லை. எனக்கு அந்த முள்தான் பெரிய லாபமாகப் படுகிறது. எக்ஸாஸ்ட் சூடு எல்லை மீறினால் டீசல் இஞ்சினில் பிஸ்டனே போய்விடலாம்.

புகைத்துகள் வடிகட்டி உள்ள புதிய டீசலில் பெரிய தடை அந்த வடிகட்டிதான். அதற்குப் பின்னால் குழாயை எவ்வளவு பெருக்கினாலும் கிடைப்பது கொஞ்சம். வடிகட்டியையோ கன்வெர்ட்டரையோ பிடுங்கிப் போடுவது பல நாடுகளில் சட்டவிரோதம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், நம் பின்னால் வரும் வண்டியில் குழந்தைகள் இருப்பார்கள். நான் செய்ய மாட்டேன், யாருக்கும் செய்து தரவும் மாட்டேன்.

மார்ச் 5

நேற்றையதோடு சேர்த்து: வடிகட்டி தன் கரியைத் தானே எரிக்கும்போது சூடு 600 டிகிரி வரை போகும். காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். எந்த வண்டியானாலும், புல்வெளியைக் கடந்ததும் இறங்கி, கன்வெர்ட்டருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே சிக்கிய புல்லைக் கையுறை போட்டு இழுத்து எடுங்கள். வண்டியே எரிந்துபோகக் காரணமாகும் விஷயம் இது.

மார்ச் 11

குழாய் மாற்றிய பிறகு பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று கேட்டவருக்கு: கசிவைப் பாருங்கள். எனக்கும் வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக் டிக்', சூடானதும் நின்றுவிடும். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்வதால் சத்தம் மறைகிறது. ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அதைப் பார்த்து, எரிபொருள் போதவில்லை என்று நினைக்கும். கம்ப்யூட்டர் சேர்த்து ஊற்றும்.

இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த துணியால் டெயில் பைப்பைப் பாதி மூட, இன்னொருவர் இணைப்புகளில் சோப்பு நீர் தடவட்டும். குமிழ் வரும் இடம்தான் கசிவு. எனக்கு மேனிஃபோல்டுக்கு அடுத்த ஃபிளேஞ்சின் கேஸ்கெட் ஒரு ஓரத்தில் கறுத்திருந்தது.

மார்ச் 12

தண்ணீரில் இறங்கும்போது டெயில் பைப் மூழ்கினால் இஞ்சின் நின்றுவிடுமா என்று கேட்கிறார்கள். அந்தக் கேஜ் கணக்கையே எடுங்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம் 1.4 பிஎஸ்ஐ. டெயில் பைப் அரை மீட்டர் மூழ்கினால் 0.7. ஓடும் இஞ்சின் அதைத் தாராளமாகத் தள்ளிவிடும். குமிழ் விட்டுக்கொண்டே போகும். காற்றை இழுக்கும் பக்கம்தான் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு வாய் தண்ணீர் அந்த வழியாகப் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். குழாய் 2 அங்குலமா, 2.5 அங்குலமா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடுவில் கியர் மாற்றாதீர்கள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுதாக எடுக்காதீர்கள்.

மார்ச் 25

இன்று நடந்தது. இதைத்தான் முதல் குறிப்பாகவே எழுதியிருக்க வேண்டும்.

பாறைப்படி ஒன்றிலிருந்து பின்புறமாக இறங்கினேன். 'கர்ர்க்' என்றது. மேலே ஏற மிதித்தால் வண்டி 2500-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, பழைய அடைத்த சைலன்சர் காலத்துத் திணறல் அப்படியே. இறங்கிப் பார்த்தால் டெயில் பைப்பின் கடைசி ஒரு சாண் தட்டையாகி, இறுக மூடிய உதடு போல ஒரு கோடு மட்டும் திறந்திருந்தது. அதிலிருந்து விசில் சத்தத்தோடு புகை. இஞ்சினை அணைத்து, ஆறக் காத்திருந்து, டயர் லீவரின் முனையை அந்தக் கோட்டில் நுழைத்து நெம்பினேன். ஒரு விரல் நுழையும் அளவு திறந்தது. அதோடு திரும்பி வந்தேன்.

பழைய 2 அங்குலக் குழாய் சேஸிஸ் ஓரமாக மேலே ஒட்டிப் போகும். 2.5 அங்குலம் அந்த இடுக்கில் நுழையாததால் இரண்டு விரல் கீழே இறக்கி வைத்திருந்தோம். ஆக்ஸில் முழுதாக மேலே வரும்போது குழாயில் தேய்ந்த பளபளப்பும் இருக்கிறது. வளைவு ஒன்றில் கை வைத்துப் பார்த்தேன், உள்பக்கம் சுருங்கி நசுங்கியிருக்கிறது. சாதாரண அழுத்து இயந்திரத்தில் வளைத்தது. அந்த இடத்தில் காலிப்பரால் அளந்தால் குறுக்கே 2 அங்குலத்துக்கு ஒரு மயிரிழைதான் கூட. குழாய் முழுக்க 2.5 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே உருளை விட்டு வளைக்கும் முறையில்தான் அளவு மாறாமல் இருக்கும். அப்படி வளைத்த குழாயைக் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல் 8

திரும்ப 2 அங்குலம் போட்டுவிட்டேன். உருளை விட்டு வளைத்த குழாய், 409 ஸ்டெயின்லெஸ். அதில் மேலோட்டமாகத் துரு பிடிக்கும், ஓட்டையாக நாளாகும். 304 துருவை இன்னும் நன்றாகத் தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் விரியும். நீளமான குழாயென்றால் வளைந்துகொடுக்கும் மடிப்புத் துண்டு ஒன்று நடுவில் இருக்க வேண்டும். முழுக் குழாயும் சேஸிஸின் அடிவிளிம்புக்கு மேலேயே போகிறது. முனை பின் சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் திரும்புகிறது.

முனையை வண்டிக்கு அடியிலேயே வெட்டி விடலாமே, பாறையில் படாது என்றார் வெல்டிங் செய்தவர். மறுத்துவிட்டேன். மெதுவாக ஊரும்போது அடியில் தேங்கும் புகை தரை ஓட்டை, கதவு ரப்பர் வழியாக உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஏற்றத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கேபின் அதிர்வு போய்விட்டது. மணலில் 5000-இல் ஒரு துளி குறைந்த மாதிரி தோன்றுகிறது.

ஏப்ரல் 9

டயர் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 27 அங்குல டயரை 29 ஆக்கினால் தரையில் கிடைக்கும் இழுவை சுமார் 7 சதவீதம் போய்விடும். எல்லா கியரிலும், எல்லா ஆர்பிஎம்மிலும், ஊரும்போதும். எந்தக் குழாயும் அதைத் திருப்பித் தராது. டிஃபரன்ஷியல் கியர் விகிதத்தை மாற்றினால்தான் திரும்பக் கிடைக்கும். பெரிய டயர் போட்டுவிட்டு "வண்டி இழுக்கவில்லை" என்று சைலன்சரைக் கழற்றுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 22

கேள்வி கேட்டவர் தன் வண்டியில் கேஜ் மாட்டிப் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறார். 2500-இல் 0.4 பிஎஸ்ஐ. சைலன்சரை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தாராம், உள்ளே எதுவும் ஆடவில்லை.

உங்கள் குழாய்க்கு ஒரு நோயும் இல்லை, அப்படியே விட்டுவிடுங்கள். படத்தில் நடுவில் இருக்கும் தொங்கு ரப்பரைப் பாருங்கள், பாதி கிழிந்திருக்கிறது. அது அறுந்தால் முதல் கல்லே கன்வெர்ட்டரில்தான் படும். அடுத்த பயணத்துக்கு முன் அதை மாற்றுங்கள், கூடவே இன்னொன்றை வண்டியிலும் போட்டு வையுங்கள்.